ஐப்பசி மழையில் வரும் ரயில் பூச்சி: சென்னைவாசிகளுக்கு மரவட்டை பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஐப்பசியில், முதல் பெருமழை விட்ட காலையில், நங்கநல்லூரில் எங்கள் கீழ்ப்போர்ஷன் அக்கா ஒரு கையில் முறமும் இன்னொரு கையில் கல் உப்புப் பாக்கெட்டுமாக மாடிப்படியில் நின்றார். முறத்தில் இருபது முப்பது மரவட்டைகள் சுருண்டு கிடந்தன. "பாத்ரூம், பின்கட்டு, துளசி மாடம், எங்க பார்த்தாலும் ரயில் பூச்சிதான். உப்பு போட்டா போயிடுமா, இல்ல மருந்து அடிக்கணுமா?"

உப்பும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்றேன். அவர் அதோடு விடவில்லை. "அப்போ இது எதுக்குத்தான் இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு முழுசாகப் பதில் சொல்ல நேரமில்லை. பல வருடமாக மழைக்காலத்தில் டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக இவற்றின் பின்னால் அலைகிறேன். அதில் தெரிந்துகொண்டதை ஒவ்வொரு படியாக இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு மூடி வைக்காமல், இந்த மழைக்காலத்திலேயே செய்து பாருங்கள்.

படி 1: ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மரவட்டையையும் பூரானையும் ஒன்றாக நினைத்து அடித்துவிடுகிறவர்கள் நிறைய. இரண்டுக்கும் கால்கள் அதிகம் என்பதைத் தவிர குணத்தில் ஒற்றுமையே இல்லை. பூரான் தட்டையானது, வேகமாக ஓடும். உடலின் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு ஜோடி கால், அவை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். தலைக்குக் கீழே விஷக் கொடுக்கு உண்டு. அது வேட்டையாடும் பிராணி, கடித்தால் நன்றாகவே வலிக்கும்.

மரவட்டை உருண்டையான உடம்புக்காரன். நிதானமாக ஊர்ந்து போகும், தொட்டால் ஓடாது, சுருளும். பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு ஜோடிக் கால்கள் இருக்கும், அதுவும் வயிற்றுக்கு அடியிலேயே. கொடுக்கு இல்லை, கடிக்காது. சாப்பாடு காய்ந்து மக்கும் இலைதான். சந்தேகம் வந்தால் நடையைப் பாருங்கள். சரசரவென்று ஓடி இடுக்கில் புகுந்தால் பூரான். ஆற அமரப் போனால் மரவட்டை.

இரண்டுமே பூச்சி வகையில் சேராது. பூச்சிக்கு ஆறு கால்தான் கணக்கு. கணுக்காலிகள் என்ற பெரிய குடும்பத்தில், மரவட்டைகளுக்கென்று தனி வகுப்பே இருக்கிறது. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் 12,000 வாக்கில் இருக்கும். பெயர் வைக்கப்படாதவை அதைவிட அதிகம்.

சென்னை வீடுகளில் கண்ணில் படுவதில் ஒன்று, இரும்பு துருப்பிடித்தது மாதிரியான சிவப்புப் பழுப்பு நிறத்தில், விரல் நீளத்துக்கு இருக்கும். அதன் அறிவியல் பெயர் டிரைகோனியூலஸ் கொராலினஸ். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து தொட்டிமண்ணோடும் செடிகளோடும் வெப்ப நாடுகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட இனம் இது. 2015-ல் இதன் முழு மரபணுத் தொகுப்பையும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். நாம் துடைப்பத்தால் தள்ளுகிற ஜீவனுக்கு இப்படியும் ஒரு பெருமை உண்டு.

நம் மண்ணுக்கே உரிய இன்னொன்று செனோபோலஸ் கார்னிஃபெக்ஸ். 1775-லேயே ஃபப்ரிசியஸ் என்ற டென்மார்க் அறிஞர் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். தமிழ்நாட்டில் கூரை வீடுகளில் மழைக்காலத்தில் மேலிருந்து பொத்துப் பொத்தென்று விழுவதாகச் சொல்வார்களே, அந்தப் பழியில் பெரும்பங்கு இதற்குத்தான். நனைந்து மக்கத் தொடங்கிய ஓலைக் கூரை அதன் பார்வையில் ஒரு பெரிய சருகுக் குவியல். வீடு என்று அதற்கு எப்படித் தெரியும்?

இவை போக, கொஞ்சம் தட்டையாக, முதுகின் இரு பக்கமும் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன வகைகளும் தோட்டத்து ஈரத்தில் கூட்டம் கூட்டமாகத் திரியும். அவற்றுக்குக் கண்ணே கிடையாது.

படி 2: எப்போது, எங்கே தேடுவது

மழை விட்ட இரவு எட்டு மணிக்கு மேல் அல்லது விடியற்காலை. சென்னைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதுதான் உச்சக் காலம். ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடு பெய்யும் மழைக்குப் பிறகும் கொஞ்சம் தலைகாட்டும். கோடையில் மண்ணுக்குள் ஆழமாகப் போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

இந்த மழைக் கணக்கு அதன் உடம்போடு சேர்ந்தது. பூச்சிகளின் மேல்தோலில் நீர் வெளியேறாமல் காக்கும் மெழுகுப் பூச்சு உண்டு. மரவட்டைக்கு அது போதுமான அளவு இல்லை. மூச்சுவிடும் துளைகள் கால்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை இறுக்கி மூடிக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. எனவே வெயிலில் வறண்டு செத்துவிடும். மண் முழுக்கத் தண்ணீர் நிரம்பினாலோ மூச்சுத் திணறும். அதனால்தான் கொட்டும் மழையில் சுவர் ஏறுகிறது, படி ஏறுகிறது, பாத்ரூம் ஜாலி வழியாக நம் வீட்டுக்குள் வருகிறது. நம்மைத் தேடி வருவதில்லை. வெள்ளத்துக்குப் பயந்து மேடு தேடி வருகிறது. 2015 டிசம்பரில் இந்த ஊரில் நாமும் அதைத்தானே செய்தோம்.

தேட நல்ல இடங்கள்: தொட்டிகளுக்கு அடியில், சாய்த்து வைத்த பழைய செங்கல், மரத்தூருக்குப் பக்கத்தில் தேங்கிய சருகு, தென்னை மட்டை. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உலர் பசுமைமாறாக் காடு. அடையாறு தியாசபிகல் சொசைட்டித் தோட்டம், தாம்பரம் கிறித்துவக் கல்லூரி வளாகம் போன்ற இடங்களிலும் சருகு சருகாகவே கிடக்கும். அங்கெல்லாம் பார்க்க மட்டும் செய்யுங்கள், எதையும் எடுத்து வர வேண்டாம். இலையைப் புரட்டினால் திரும்ப அப்படியே போட்டுவிடுங்கள். தேள், பாம்பு இருக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் புரட்டாமல் ஒரு குச்சியால் புரட்டுங்கள்.

படி 3: தரையில் குந்தி உட்கார்ந்து நடையைப் பாருங்கள்

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, பத்து நிமிடப் பொறுமை போதும். ஒரு மரவட்டை மொசைக் தரையில் போகும்போது முகத்தைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அசையாது. காற்றில் நெல்வயல் அலையடிப்பதுபோல், பின்னாலிருந்து முன்னால் ஒரு அலை ஓடும். ஒரே சமயத்தில் பல அலைகள். ஒரு கால்கூட இன்னொன்றில் இடறாது.

தலைக்கு முன்னால் இரண்டு சின்ன உணர்கொம்புகள் தரையைத் தட்டித் தட்டிப் போகும். கண் பலவீனம், அல்லது கண்ணே இல்லை. எனவே அந்தத் தட்டல்தான் அதற்குப் பார்வை, மோப்பம், ருசி எல்லாமே. கோல் ஊன்றி நடக்கும் தாத்தாவின் நிதானம் அந்த நடையில் இருக்கும்.

இத்தனை கால் எதற்கு? வேகத்துக்கு என்றால் இவ்வளவு மெதுவாகப் போகாது. எல்லாம் தள்ளுவதற்குத்தான். நூற்றுக்கணக்கான கால்கள் ஒருசேர அழுத்தும்போது, உருண்டையான தலை மண்ணையும் சருகையும் முட்டிக்கொண்டு உள்ளே போகிறது. கடினமான தோல், குழாய் மாதிரி உடம்பு, பின்னாலிருந்து உந்தும் கால்கள் என்று முழு உருவமும் துளைத்துப் போவதற்கென்றே அமைந்தது.

சரி, கால்களை எண்ணுவோம். ஒவ்வொன்றாக எண்ண முடியாது, வளையங்களை எண்ணுங்கள். போட்டோ எடுத்துப் பெரிதாக்கினால் சுலபம். நாலால் பெருக்குங்கள். முதல் வளையத்துக்குக் காலே இல்லை, அடுத்த சில வளையங்களில் ஒரு ஜோடிதான், கடைசி ஒன்றிரண்டிலும் கால் இருக்காது. எனவே பதினைந்து இருபதைக் கழித்துக்கொள்ளுங்கள். 50 வளையம் என்றால் 200-லிருந்து கழித்து 180-க்கு முன்னே பின்னே வரும். ஒரு வளையத்தில் எப்படி இரண்டு ஜோடி என்றால், கருவில் தனித்தனியாக இருக்கும் இரண்டு உடல் துண்டுகள் இணைந்துதான் ஒரு வளையம் ஆகிறது.

ஆயிரம் கால் என்பது வெகுகாலம் பேச்சளவில்தான் இருந்தது. கலிஃபோர்னியாவில் 750 கால்கள் உள்ள ஓர் இனமே உச்சம். பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவில் கனிமம் தேடித் தோண்டிய ஒரு துளையில், 60 மீட்டர் ஆழத்தில், நூல் மாதிரி வெளிறிய ஒன்று கிடைத்தது. நீளம் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு, அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கால்கள் 1,306. 2021-ல் யூமிலிபெஸ் பெர்செபோனி என்று பெயரிட்டார்கள். பெர்செபோனி கிரேக்கப் புராணத்தில் பாதாள லோகத்து ராணி.

படி 4: தொட்டுப் பாருங்கள், ஆனால் முறையோடு

உள்ளங்கையில் ஏற விட்டால் ஒன்றும் செய்யாது. அழுத்தினாலோ பயமுறுத்தினாலோ முதலில் சுருளும். கெட்டியான முதுகு வெளியே, மென்மையான வயிறும் கால்களும் உள்ளே. நம் வீட்டு வகைகள் கொசுவர்த்திச் சுருள் மாதிரி தட்டையாகச் சுருளும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆர்த்ரோஸ்ஃபேரா என்ற குண்டு மரவட்டைகள் இருக்கின்றன. அவை கோலிக்குண்டு மாதிரி முழு உருண்டையாகிவிடும். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செல்வம் அவை.

சுருண்டும் விடவில்லை என்றால் அடுத்த ஆயுதம் வரும். வளையங்களின் பக்கவாட்டில் இருக்கும் நுண்துளைகளிலிருந்து மஞ்சள் கலந்த ஒரு திரவம் கசியும். நம் வீட்டு உருளை வகைகளில் இது பென்சோகுவினோன் என்ற வேதிப்பொருள். அயோடின் மாதிரி நெடி அடிக்கும். விரலில் பட்டால் மருதாணி போட்டு வெளுத்த மாதிரி பழுப்புக் கறை சில நாள் இருக்கும். தட்டையான வகைகள் வேறு மாதிரி. அவற்றில் பல ஹைட்ரஜன் சயனைடையே உருவாக்குகின்றன. பாதாம் எசன்ஸ் வாசனை வந்தால் அதுதான். அளவு மிகமிகக் குறைவு என்பதால் மனிதருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஒரு எறும்புக் கூட்டத்தை விரட்ட அது போதும்.

கறை பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவும் முன் கண்ணைக் கசக்காதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் நிறைய சுத்தத் தண்ணீரால் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள், கைவைத்தியம் வேண்டாம். குழந்தைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "தொட்டுப் பார், நசுக்காதே, அப்புறம் கை கழுவு" என்று சொன்னால் போதும். பயமுறுத்தத் தேவையில்லை.

இந்த ரசாயனத்துக்கு வாடிக்கையாளர்களும் உண்டு. மடகாஸ்கரில் லெமூர்களும், தென் அமெரிக்காவில் கப்புச்சின் குரங்குகளும் மரவட்டையைப் பிடித்து உடம்பு ரோமத்தில் தேய்த்துக்கொள்கின்றன. கொசு, உண்ணி தொல்லைக்கு அவை கண்டுபிடித்த தைலம் அது.

ரசாயனத்தையும் தாண்டி இவற்றைத் தின்னும் ஒரு கூட்டம் நம் ஊரிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் பளிச்சென்ற சிவப்புக் குஞ்சுப் பூச்சிகள் நாலைந்து ஒரு மரவட்டையைச் சூழ்ந்து நிற்பதைப் பார்த்தால், நின்று கவனியுங்கள். நாவாய்ப்பூச்சி இனத்தில் மரவட்டை வேட்டைக்கென்றே உள்ள வகை அவை. ஊசி மாதிரியான வாயை வளையங்களுக்கு இடையில் உள்ள மென்சதையில் குத்தி, உள்ளே கரைத்து உறிஞ்சிவிடும். பார்க்க மனசு கஷ்டப்படும்தான். பிரித்துவிட நினைக்காதீர்கள், அதுவும் அந்த மண்ணின் வாழ்க்கைதான்.

படி 5: ஒரு தொட்டியைக் கவிழ்த்து, முழு வாழ்க்கையையும் பாருங்கள்

எனக்கு மரவட்டை மேல் உண்மையான பிரியம் வந்தது ஒரு கறிவேப்பிலைத் தொட்டியில்தான். மண் மாற்றுவதற்காக மொட்டைமாடியில் கோணியை விரித்துக் கவிழ்த்தேன். வேர்ப்பந்துக்கு அடியில், மண்ணைக் குடைந்து வழவழவென்று பூசிய சின்ன அறை ஒன்று இருந்தது, ஒரு நெல்லிக்காய் அளவு. அதற்குள் ஒரு மரவட்டை வெள்ளை வெளேரென்று கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கால்கள் லேசாக, மிக லேசாக அசைந்தன. பக்கத்தில் அதன் பழைய சட்டை கிடந்தது. வளையம் வளையமாக, கண்ணாடித்தாள் மாதிரி மெலிந்து, முன்பாதி ஏற்கெனவே தின்னப்பட்டிருந்தது.

அது தோலுரித்துவிட்டு ஓய்வெடுக்கும் நேரம். மரவட்டையின் ஓட்டில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் கார்பனேட், படிந்திருக்கிறது. அந்தக் கடினத்துக்கு அதுவே காரணம். பழைய தோலை உரித்ததும் உடம்பு வெண்ணெய் மாதிரி மிருதுவாக இருக்கும். எறும்பு வந்தால்கூடத் தப்ப முடியாது. எனவே தனியறை கட்டிக்கொண்டு உள்ளே இருந்து, உரித்த தோலையே தின்று, அந்தச் சுண்ணாம்பை வீணாக்காமல் புது ஓட்டுக்குச் சேர்த்துக்கொள்கிறது. நான் அந்த மண்கட்டியை அப்படியே அலுங்காமல் இன்னொரு தொட்டியில் இறக்கி, மேலே மண்ணைத் தூவி மூடினேன். நீங்களும் வெள்ளை மரவட்டையைக் கண்டால் தொடாதீர்கள். அது நோய் இல்லை.

அதே தொட்டியின் ஓரத்தில் முட்டைகளும் இருந்தன. பெண் மரவட்டை மண்ணோடும் தன் எச்சத்தோடும் குழைத்துக் கூடு செய்து முட்டையை வைக்கிறது. பொரித்து வரும் குஞ்சைப் பார்த்தால் மரவட்டை என்றே சொல்ல மாட்டீர்கள். சில வளையங்கள்தான் இருக்கும், கால்கள் மூன்றே ஜோடி. ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் வால் பக்கத்தில் புதிய வளையங்களும் புதிய கால்களும் சேர்கின்றன. ரயிலுக்குப் பெட்டி சேர்ப்பது மாதிரி என்று சொன்னால், ரயில் பூச்சி என்று பேர் வைத்த பிள்ளைகளின் கண்கூர்மைக்கு மரியாதை செய்ததாக இருக்கும். வளர்ந்து முடிக்க ஒரு வருடம் முதல் சில வருடங்கள் ஆகும். ஆயுள் இனத்துக்கு இனம் மாறுபடும், பத்து வருடம் வாழ்பவையும் உண்டு.

ஆண் பெண் அடையாளம் காண வேண்டுமா? ஒரு கண்ணாடிக் கிளாசில் நடக்க விட்டு அடியிலிருந்து பாருங்கள். தலையிலிருந்து ஏழாவது வளையத்துக்குக் கீழே கால் வரிசையில் ஒரு இடைவெளி தெரிந்தால் ஆண். அந்த இடத்துக் கால்கள் நடப்பதை விட்டுவிட்டு, விந்தைப் பெண்ணிடம் சேர்க்கும் உறுப்பாக மாறி உள்ளே மடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு இனத்திலும் அந்த உறுப்பின் வடிவம் தனி. பூட்டுக்கு ஏற்ற சாவி போல. ஆய்வாளர்கள் பெரும்பாலும் இதை வைத்துத்தான் இனத்தைத் தீர்மானிக்கிறார்கள். நாம் மொபைலில் எடுக்கும் முதுகுப் படத்தை மட்டும் பார்த்து யாராவது உறுதியாக இனப்பெயர் சொன்னால், கொஞ்சம் யோசித்துத்தான் நம்ப வேண்டும்.

இந்த வாழ்க்கை எவ்வளவு பழையது தெரியுமா? ஸ்காட்லாந்தின் ஸ்டோன்ஹேவன் கடற்கரைப் பாறையில், மைக் நியூமேன் என்ற பேருந்து ஓட்டுநர் ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள மரவட்டைப் புதைபடிவத் துண்டு ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் மூச்சுத் துளைகள் தெளிவாகத் தெரிந்தன. 2004-ல் அவர் பெயரையே சேர்த்து நியூமோடெஸ்மஸ் நியூமேனி என்று வைத்தார்கள். 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. நிலத்தில் காற்றைச் சுவாசித்த பிராணிகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று அந்தத் துண்டு. பின்னால் வந்த நெருங்கிய உறவான ஆர்த்ரோப்ளூரா, இங்கிலாந்தில் 2018-ல் கிடைத்த ஒரு புதைபடிவத்தின்படி, 2.6 மீட்டர் வரை நீண்டிருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் வீட்டு வாசல்கதவு அதைவிடக் குட்டை.

படி 6: சருகு மண்ணாவதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்

அக்காவின் கேள்விக்கு நேரான பதில் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஒரே அளவில் இரண்டு மண்தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் நாலு விரல் உயரத்துக்குத் தோட்டமண். மேலே ஒரே மரத்தின் காய்ந்த இலைகளைச் சம அளவில் அமுக்காமல் நிரப்புங்கள். புங்கை, பூவரசு, தூங்குமூஞ்சி, எது உங்கள் தெருவில் உதிர்கிறதோ அது. பச்சை இலை வேண்டாம். பூச்சிமருந்து அடித்த இடத்துச் சருகும் வேண்டாம். ஒரு தொட்டியில் மட்டும் எட்டுப் பத்து மரவட்டைகளை விடுங்கள். இரண்டுக்கும் கொசுவலைத் துணி கட்டி நிழலில் வைத்து, ஈரம் காயாமல் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் தெளியுங்கள். தேங்கக் கூடாது, பிழிந்த துணி மாதிரி ஈரம் இருந்தால் போதும். முட்டை ஓடு கிடைத்தால் பொடித்து ஒரு சிட்டிகை தூவுங்கள், ஓட்டுக்குச் சுண்ணாம்பு கிடைக்கும்.

முதல் வாரம் ஒன்றும் தெரியாது. அவை புதுச்சருகைத் தொடவே தொடாது. இலை கொஞ்சம் நனைந்து, பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறி, கசப்பும் துவர்ப்பும் குறைந்த பிறகுதான் வாய் வைக்கும். இட்லி மாவு புளிக்கக் காத்திருப்பது போல. மூன்றாவது வாரம் இலைகளை எடுத்துப் பாருங்கள். நரம்பை விட்டுவிட்டு இடையில் உள்ள சதையை மட்டும் தின்று, சல்லடை மாதிரி ஆக்கியிருக்கும். இலைக்கு அடியில் கேழ்வரகு மாதிரி சிறு கருப்பு உருண்டைகள் சேர்ந்திருக்கும். அது அதன் எச்சம். கையில் நசுக்கினால் நாற்றம் இருக்காது, மழைக்குப் பிந்திய மண்வாசனைதான் வரும்.

நான் ஐப்பசியில் இப்படி வைத்துத் தை மாதத்தில் துணியை அவிழ்த்தபோது, மரவட்டை இல்லாத தொட்டியில் இலை இலையாகவே, கருத்துப்போய்ப் படிந்து கிடந்தது. இன்னொன்றில் சருகு பாதிக்குமேல் இறங்கி, கருப்பு உருண்டைகள் ஒரு அடுக்காகப் படிந்திருந்தன. அதன் மேல் பூஞ்சை இழைகள் வெள்ளையாக ஓடியிருந்தன.

நடப்பது இதுதான். மரவட்டை தின்பதில் அதன் உடம்பில் சேர்வது கொஞ்சம், பெரும்பகுதி வெளியே வந்துவிடுகிறது. ஆனால் போன மாதிரியே வருவதில்லை. தாடையில் அரைபட்டுத் தூளாகிறது. தூளானதும் நுண்ணுயிர் ஒட்டுவதற்கான பரப்பு பல மடங்கு கூடுகிறது. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன, ஈரம் சேர்கிறது. வெளியே வந்த உருண்டையில் நுண்ணுயிர்கள் பெருகி மிச்சத்தைச் சிதைத்து, தழைச்சத்தையும் சுண்ணாம்பையும் வேர் எடுத்துக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. சில சமயம் மரவட்டையே திரும்ப வந்து அந்த உருண்டையைத் தின்னும். இரண்டாம் சுற்று அரைப்பு அது. மண்புழு அடியில் செய்கிற வேலைக்கு மேலே முதல் ஆளாக நின்று கை கொடுப்பது இதுதான்.

இந்தத் தொட்டியைப் பார்த்த பிறகு என் மனதில் ஒரு வருத்தம் தங்கிவிட்டது. மாசி, பங்குனியில் நம் தெருக்களில் மரங்கள் கொட்டுகிற சருகு மொத்தத்தையும் கூட்டிக் குவித்து, சில இடங்களில் கொளுத்தியும் விடுகிறோம். அதற்கடுத்த வாரமே நர்சரிக்குப் போய் மூட்டைக்கணக்கில் உரம் வாங்குகிறோம். உரம் செய்கிற வேலையாளையும் மருந்தடித்துக் கொல்கிறோம்.

படி 7: வீட்டுக்குள் வந்துவிட்டால்

காகிதத்தைச் சுருட்டி முன்னால் வைத்தால் தானாக ஏறும். இல்லையென்றால் மென்மையான துடைப்பமும் முறமும் போதும். வெளியே மேடான, சருகு உள்ள இடத்தில் கொட்டிவிடுங்கள். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு போட்டால் துடித்து வறண்டு சாகும், அவ்வளவுதான். அடுத்த மழைக்கு வேறு நாற்பது வரும். மருந்தும் அப்படியே. வெளியிலிருந்து வருகிறவற்றை அது தடுக்காது. தரையில் தவழும் குழந்தைக்கும், தொட்டியில் உள்ள மண்புழுவுக்கும் கெடுதல் வேறு.

வருகிற வழியை அடைப்பதுதான் நிலையான தீர்வு. பாத்ரூம் ஜாலிக்கு நுண்கண்ணி வலை, கதவுக்குக் கீழே ரப்பர் பட்டை, சுவர் விரிசலுக்குச் சிமெண்ட். வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டடிக்குச் சருகு, செங்கல், மரக்கட்டை இல்லாமல் வைத்துக்கொண்டாலே பாதி வரவு குறையும். வாசல் விளக்கு, ஏசித் தண்ணீர் சொட்டும் இடம் இரண்டையும் கவனியுங்கள். நம் அம்மாக்கள் பயப்படுகிற மாதிரி அது காது தேடிப் போவதில்லை. தரையில் படுக்கிறவர்கள் மழைக்காலத்தில் பாயைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம். உள்ளே வந்தது எதுவும் அதிக நாள் பிழைக்காது. ஃபேன் காற்றில் உலர்ந்து, சுருண்டபடியே மூலையில் கிடக்கும்.

கூட்டமாக வந்தால் பயந்துவிடாதீர்கள். ஜப்பானின் ஹொன்ஷு தீவு மலைப்பகுதியில் ஒரு இனம் 8 வருடத்துக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாக வெளியே வரும். தண்டவாளத்தில் அவை நசுங்கி வழுக்கி, 1920-லேயே ரயில்கள் நின்றிருக்கின்றன. அங்கேயும் அதன் பேர் ரயில் மரவட்டைதான். நம் பிள்ளைகள் ரயில் மாதிரி இருக்கிறது என்று வைத்த பேர், அங்கே ரயிலை நிறுத்தியதால் வந்த பேர்.

படி 8: செடியைத் தின்னுமா?

நேர்மையாகச் சொன்னால், சில நேரம் தின்னும். முளைவிட்ட விதை, தரையைத் தொடும் தக்காளி, அழுகத் தொடங்கிய கிழங்கு ஆகியவற்றில் வாய் வைக்கும். கெட்டியான இலையையும் தண்டையும் கடிக்கும் வலு அதன் தாடைக்கு இல்லை. எனவே நாற்றுத் தட்டை ஸ்டூல் மேல் வையுங்கள், கீரை விதைத்த பாத்தியில் முளை ஒரு விரல் உயரம் வரும்வரை சருகு மூடாக்கு போடாதீர்கள். பெரும்பாலும் செடி வேறு காரணத்தால் அழுகியிருக்கும், அதைத் தின்ன வந்த மரவட்டை மேல் பழி விழும். நத்தையா என்று இரவில் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 9: அதற்கென்று ஓர் இடம்

புரட்டாசியிலேயே தொடங்குங்கள், மழை வந்த பிறகு செய்தால் தாமதம். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, மதில் ஓரமாக, நிழல் விழும் ஒரு மூலை போதும். இரண்டடிக்கு இரண்டடி. அடியில் தண்ணீர் தேங்காதபடி மண்ணைக் கொஞ்சம் மேடாக்கி, நாலு பக்கமும் செங்கலைச் சிமெண்ட் இல்லாமல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். உள்ளே முழங்கால் உயரத்துக்குச் சருகு, நடுவில் மக்கிய மரத்துண்டு ஒன்று. சமையலறைக் கழிவை இதில் போட வேண்டாம், எலி வரும். ஃபிளாட் என்றால் பால்கனியில் அகலமான ஒரு மண்தொட்டியில் இதையே செய்யலாம். மேலே உள்ள சருகைக் கிளறாமல், கீழே சேரும் கருப்புப் பொடியை மட்டும் தை, மாசியில் செங்கல் இடுக்கு வழியாக வழித்து எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மரவட்டையோ மண் அறையோ தென்பட்டால் அந்தப் பக்கம் விட்டுவிடுங்கள்.

அக்கா முதலில் பதினைந்து செங்கலோடுதான் ஆரம்பித்தார். இப்போது பெருக்கும்போது பின்கட்டில் சுருண்டு கிடப்பவற்றை முறத்தில் வாரி, நேராக அந்த மூலைக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறார். போன வாரம் மாடிக்குக் குரல் கொடுத்தார். "செங்கல் சந்துல ஒண்ணு வெள்ளையா படுத்திருக்கு, யாரும் கைவைக்காதீங்க, நான் மேல ஒரு ஓட்டை கவுத்து வெச்சிருக்கேன்."